கூடுதல் மானிக்கு மின்சாரம் எங்கே எடுப்பது? டர்பன் கார்க்காரர்களின் கேள்விகள்

காரோடு வந்த வெப்பமானி பெரும்பாலும் மரியாதைக்காக அசைகிற முள். பல கார்களில் தண்ணீர் 80 டிகிரியில் இருந்தாலும் 100 டிகிரியில் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் பதறக் கூடாதாம். ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்திலும் வான் ரீனன் கணவாயிலும் பாரம் இழுக்கிறவர்கள் தனி மானி வாங்குவது இதனால்தான். பெரிய வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோவில் பக்கம் ஊர்ந்து நகரும் வரிசையில் நின்றவர்களுக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

மானியை வாங்குவது எளிது. அதற்கு மின்சாரம் கொடுப்பதில்தான் கேள்விகள் எழுகின்றன. சரியாக மின்சாரம் கிடைக்காத மானி பொய் சொல்லும். புதிதாக வாங்கியது என்பதால் அந்தப் பொய்யை நாமும் நம்புவோம். கீழே உள்ளவை 12 வோல்ட், நெகடிவ் எர்த் கார்களுக்கு மட்டும், அதாவது பேட்டரியின் நெகடிவ் பக்கம் வண்டி உடலோடு (எர்த்) இணைந்த கார்களுக்கு. லாரிகளின் 24 வோல்ட்டுக்கு இவை பொருந்தா.

மானியின் பின்னால் நான்கு வயர்கள் தொங்குகின்றன. எது எங்கே போக வேண்டும்?

ஒன்று நிலையான 12 வோல்ட்டுக்கு, அதாவது சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் இருக்கும் இடத்துக்கு. இரண்டாவது இக்னிஷனுக்கு, சாவியைத் திருப்பினால்தான் அங்கே மின்சாரம் வரும். மூன்றாவது எர்த். நான்காவது, பார்க்கிங் விளக்கைப் போட்டதும் மானி இரவு வெளிச்சத்துக்கு மாறுவதற்கு. சென்சார் வயர் பெரும்பாலும் தனிப் பிளக்கில் வரும்.

நிலையான மின்சாரம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எட்டிய உச்ச அளவை நினைவில் வைக்கவும், சாவியை அணைத்ததும் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரவும் அது தேவை. இந்த வசதிகள் இல்லாத மானியில் மூன்று வயர்கள்தான் இருக்கும்.

நிறத்தை மட்டும் பார்த்து இணைத்துவிடாதீர்கள். கறுப்பு எர்த் என்பதை ஏறக்குறைய எல்லோரும் மதிக்கிறார்கள். மற்ற நிறங்களில் அந்த ஒழுங்கு கிடையாது. சிவப்பு ஒரு நிறுவனத்துக்கு நிலையான மின்சாரம், இன்னொன்றுக்கு இக்னிஷன். வெள்ளை ஒரு மானியில் விளக்கு, அடுத்ததில் சென்சார் சமிக்ஞை. சமிக்ஞை வயரில் 12 வோல்ட்டைக் கொடுத்தால் மானி அத்தோடு முடிந்துபோகலாம். பெட்டிக்குள் இணைப்புப் படம் இல்லையென்றால் மானியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். படம் அச்சடிக்கக்கூடப் பணம் செலவழிக்காதவர் உள்ளே என்ன வைத்திருப்பார்?

என்னுடையது ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப். வயர் படத்தில் 30, 15, 31 என்று எண்கள் இருக்கின்றனவே?

நல்ல கார்; உங்கள் வேலை பாதி முடிந்தது. அவை டின் 72552 என்ற ஜெர்மன் தரத்தின் எண்கள். 30 என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. 15 என்றால் இக்னிஷன். 31 எர்த். 58 பார்க்கிங் விளக்கும் டாஷ்போர்டு விளக்கும். 50 ஸ்டார்ட்டருக்குப் போவது. அதைத் தொடவே வேண்டாம். 1984 முதல் 2009 வரை யூட்டன்ஹேகில் தயாரான சிட்டி கோல்ஃப் ஜெர்மன் வழிவந்தது என்பதால் இந்த எண்கள் அதோடு வந்தன. மானியின் நான்கு வயர்களும் வரிசையாக 30, 15, 31, 58. டொயோட்டா வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் மல்டிமீட்டரை எடுக்க வேண்டியதுதான்.

சாவியை ஏசிசி (முதல் நிலை) வரை திருப்பினாலே ரேடியோ பாடுகிறது. மானியையும் அதே வயரில் இணைக்கலாமா?

வேலை செய்யும். ஆனால் ஸ்டார்ட்டர் சுழலும்போது கார் ஏசிசி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மானி விழித்து, அணைந்து, மறுபடி விழிக்கும். முள் ஒரு முறை உச்சிக்குப் போய்த் திரும்பும் அலங்காரம் உள்ள மானியென்றால் அதையும் இரண்டு முறை செய்யும். எண்ணெய் அழுத்தமானியில் இது வெறும் தொல்லை அல்ல. இன்ஜின் உயிர்பெறும் முதல் சில நொடிகளில் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்கத்தான் அதை வாங்கினீர்கள். அந்த நேரத்தில் அது வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன பயன்?

ஆகவே ஸ்டார்ட்டர் சுழலும்போதும் அறுந்துபோகாத இக்னிஷன் மின்சாரம் வேண்டும். எல்லா இக்னிஷன் வயர்களும் அப்படி இல்லை. வைப்பர், காற்றூதி போன்ற பளுவான சாதனங்களின் இணைப்பைப் பல கார்கள் அந்த நேரத்தில் நிறுத்திவைக்கும். மீட்டரை வைத்துக்கொண்டு வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அளவு 10 வோல்ட் அருகே இறங்கி மீண்டால் சரி. பூஜ்யத்துக்குப் போனால் வேறு இடம் தேடுங்கள்.

பியூஸ் பெட்டியில் எந்தப் பியூஸிலிருந்து எடுப்பது நல்லது?

முதலில் தொடக் கூடாதவை: ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கணினி, பெட்ரோல் பம்பு, மின்சார ஸ்டீயரிங், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் காரை ஸ்டார்ட் செய்யவிடாத பூட்டு). மானி இழுக்கும் மின்சாரம் சொற்பம்தான்; அதனால் இவற்றுக்குக் குறை வராது. ஆனால் பியூஸ் இருக்கும் பொந்தில் வேறொன்றைச் செருகி எடுக்கும்போது உள்ளிருக்கும் உலோகப் பிடி சற்றுத் தளர்கிறது. ரேடியோவின் பிடி தளர்ந்தால் பாட்டு நிற்கும். பெட்ரோல் பம்பின் பிடி தளர்ந்தால் என்3 சாலையின் நடுப்பாதையில் கார் நிற்கும்.

நின்றுபோனாலும் பயணம் தொடரக்கூடிய சாதனத்தின் பியூஸைத் தேர்ந்தெடுங்கள். பின்கண்ணாடி வைப்பர், சிகரெட் லைட்டர், கூரைக் கண்ணாடி போன்றவை. இருக்கைச் சூடேற்றி உள்ள காரென்றால் அதுவே என் முதல் தேர்வு. டர்பனில் அந்தப் பொத்தானை அழுத்தியவர் யாரும் உண்டா?

பெட்டி மூடியின் உட்புறப் படத்தைப் பார்த்து இரண்டு மூன்றைக் குறித்துக்கொண்டு மீட்டரால் சோதியுங்கள். பியூஸைப் பிடுங்க வேண்டாம். அதன் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரின் சிவப்பு முனையை அதில் வைத்து, கறுப்பு முனையை வண்டி உடலின் ஒரு போல்ட்டில் வையுங்கள். சாவி இல்லாதபோது பூஜ்யம், இக்னிஷனில் 12 வோல்ட், ஸ்டார்ட் செய்யும்போதும் அறுபடாமை ஆகிய மூன்றும் கிடைத்தால் அது உங்கள் இடம். புதிய கார்களில் இன்னொரு சோதனையும் தேவை. சாவியை எடுத்துக் கதவைப் பூட்டிய பிறகும் சில சுற்றுகள் பல நிமிடம் விழித்திருக்கும். அரைமணி நேரம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள்.

பழைய முனை விளக்கு, அதாவது உள்ளே இழைபல்பு உள்ள டெஸ்டர், பியூஸ் பெட்டிக்குப் போதும். கணினிக்குப் போகும் வயர்களில் மட்டும் அதை வைக்காதீர்கள். அந்தப் பல்பு இழுக்கும் மின்சாரம் சில சென்சார் சுற்றுகளுக்கு மிக அதிகம்.

பியூஸ் டேப் என்று ஒன்று விற்கிறார்கள். அதில் ஏதாவது நுணுக்கம் உண்டா?

பியூஸ் இருந்த பொந்தில் செருகி, இரண்டு பியூஸ்களை ஏற்று, ஒரு கூடுதல் வயரை வெளியே விடும் பிளாஸ்டிக் துண்டு அது. எந்த வயரையும் அறுக்காமல் வேலையை முடிக்கலாம்; காரை விற்கும்போது பிடுங்கி எடுத்துவிடலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

நுணுக்கம் திசையில் இருக்கிறது. பழைய பியூஸை எடுத்துவிட்டு, பொந்தில் இருக்கும் இரண்டு பிடிகளில் எதில் 12 வோல்ட் வருகிறது என்று பாருங்கள். இரண்டு பியூஸ்களுக்கும் பொதுவாக நிற்கும் கால் அந்தப் பிடியில் இருக்க வேண்டும். திருப்பிச் செருகினாலும் மானி எரியும். அதனால் பலருக்குத் தவறு தெரிவதில்லை. ஆனால் அப்போது மானியின் மின்சாரமும் பழைய பியூஸ் வழியாகவே போகும். பழைய பியூஸ் உருகினால் மானியும் சேர்ந்து சாகும்.

அளவும் முக்கியம். வழக்கமான அளவு, மினி, குட்டை மினி, மைக்ரோ என்று பல உண்டு. உங்கள் பியூஸ் ஒன்றைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். பொருந்தாத டேப்பை அழுத்திச் செருகினால் பெட்டியின் பிடி விரிந்துவிடும். அதைச் சரிசெய்வது பெரிய செலவு.

மானிக்கு எத்தனை ஆம்பியர் பியூஸ்? எடுக்கும் இடத்தில்தான் 15 ஆம்பியர் பியூஸ் இருக்கிறதே?

அந்த 15 ஆம்பியர் பியூஸ் காவல் காப்பது சிகரெட் லைட்டரின் தடித்த வயரை. உங்கள் மானியின் மெல்லிய வயரைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. பியூஸ் சாதனத்துக்காக இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது வயர் தீப்பிடிக்காமல் இருக்கத்தான்.

பியூஸ் தன்மேல் எழுதிய அளவைத் தாண்டிய கணமே உருகிவிடாது. 10 ஆம்பியர் தகட்டுப் பியூஸில் 13.5 ஆம்பியர் ஓடினால் அது உருகப் பத்து நிமிடம் வரைகூட ஆகலாம். அந்தப் பத்து நிமிடமும் டாஷ்போர்டுக்குள் உங்கள் வயர் சூடாகிக்கொண்டிருக்கும்.

எல்இடி விளக்குள்ள மின்னணு மானி ஒன்று பொதுவாக அரை ஆம்பியரைக்கூட எட்டாது. நிறுவனம் தன் தாளில் ஏதாவது அளவு சொல்லியிருந்தால் அதுவே சட்டம். சொல்லாவிட்டால் 2 அல்லது 3 ஆம்பியர். தகட்டுப் பியூஸில் சாம்பல் நிறம் 2, ஊதா 3, வெளிர்பழுப்பு 5, சிவப்பு 10, நீலம் 15. பேட்டரியிலிருந்தே நேராக வயர் இழுப்பதானால் பியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். மானிக்கு அருகே வைத்தால் இடையில் வரும் வயர் முழுவதும் காவலின்றிக் கிடக்கும். புது வேலை முடிந்த காருக்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டுவது நம் வீட்டு வழக்கம். தாராளமாகச் செய்யுங்கள், பியூஸ் போட்ட பிறகு.

டாஷ்போர்டு மானிகளின் பின்னாலிருந்தே மின்சாரம் எடுத்தால் வயர் மிச்சமாகுமே?

வேண்டாம். பழைய கார்கள் பலவற்றில் பெட்ரோல் முள்ளுக்கும் வெப்ப முள்ளுக்கும் போவது 12 வோல்ட் அல்ல; ஒரு சிறு நிலைப்படுத்தி அதை ஏறத்தாழ 10 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது. முதல் தலைமுறை கோல்ஃபும் அப்படித்தான். அங்கே உங்கள் மானியையும் கட்டினால் மூன்றும் சேர்ந்து தவறாகக் காட்டும். புதிய கார்களில் அந்தப் பலகையே ஒரு கணினி. அதைக் கீறி வயர் எடுப்பது பைத்தியக்காரத்தனம்.

டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டால் எல்லாம் கறுப்பு வயராக இருக்கிறது. எதை அறுப்பது?

எதையும் அறுக்காதீர்கள். நம் நாட்டுக் கார்களில் இது தனி ஆபத்து. கார்த் திருட்டுக்குப் பயந்து இங்கே பல கார்களில் கண்காணிப்புக் கருவியும், பின்னர் பொருத்திய இம்மொபிலைசரும் ஒளிந்திருக்கின்றன. திருடனுக்கு அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகவே பொருத்துபவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நிறக் கறுப்பு வயரைப் பயன்படுத்துகிறார்கள். திருடனுக்குத் தெரியாதது உங்களுக்கும் தெரியாது. அதில் ஒன்றை அறுத்தால் கார் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். கண்காணிப்பு அறையிலிருந்து தொலைபேசியும் வரலாம்.

காப்பீட்டு விஷயமும் இதில் இருக்கிறது. பல ஒப்பந்தங்கள் அந்தக் கருவி இயங்கிக்கொண்டிருப்பதை நிபந்தனையாக வைக்கின்றன. அதன் மின்சாரத்தை நீங்கள் தெரியாமல் துண்டித்திருந்து கார் களவுபோனால் இழப்பீடு சிக்கலாகும். மானி பொருத்தியதைக் காப்பீட்டாளருக்கு ஒரு வரியில் எழுதித் தெரிவித்துவிடுங்கள். மஞ்சள் உறையில் அல்லது மஞ்சள் பிளக்கில் வரும் வயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் மீட்டர் முனையைக்கூட வைக்காதீர்கள்.

எர்த் வயரை அருகில் உள்ள ஏதாவது ஒரு திருகில் கட்டினால் போதாதா?

என்னிடம் வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த "ஏதாவது ஒரு திருகு" வேலையிலிருந்து வருகிறது. மானிக்குள் போகும் மின்சாரம் அத்தனையும் திரும்பி வரும் வழி எர்த். சிவப்பு வயருக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூடக் கறுப்புக்கு யாரும் கொடுப்பதில்லை.

டாஷ்போர்டில் தெரியும் திருகுகள் பல, பிளாஸ்டிக்கில் இறங்கியவை. சில உலோகத்தில் இறங்கியிருந்தாலும் அந்த உலோகம் பெயின்ட் பூசிய தகடாக இருக்கும். நிறுவனமே எர்த் வயர்களைச் சேர்த்துக் கட்டிய போல்ட் ஒன்று உதைபலகை (கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவர்) ஓரத்தில் இருக்கும், அதைத் தேடுங்கள். ஏர்பேக் எர்த் போல்ட் என்றால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் உடலின் கெட்டியான பாகத்தில் பெயின்டைச் சுரண்டி, வளைய முனை வைத்து இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். புளஃபிலும் மியர்பேங்கிலும் இருப்பவர்கள் இந்தக் கடைசி வேலையை மறக்க வேண்டாம். கடற்காற்று சுரண்டிய தகட்டைச் சும்மா விடாது.

சோதனை இது: இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட், காற்றூதி, பின்கண்ணாடிச் சூடேற்றி எல்லாம் எரியட்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவ் கம்பத்திலும் மற்றொன்றை மானியின் கறுப்பு வயரிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது. 0.3 என்று காட்டினால் மானியின் தரையே மேலே எழும்பிவிட்டது என்று பொருள்.

இதன் விளைவு விசித்திரமாக இருக்கும். ஒற்றை வயர் சென்சார் தன் எர்த்தை இன்ஜின் உடலிலிருந்து எடுக்கிறது. மானி வண்டி உடலிலிருந்து எடுக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் நேராக முள்ளில் தெரியும். ஹெட்லைட் போட்டதும் தண்ணீர் சூடு ஐந்து டிகிரி மாறுகிறது, இண்டிகேட்டரோடு எண்ணெய் அழுத்தம் துடிக்கிறது என்றெல்லாம் எழுதுகிறார்களே, எல்லாம் இதுதான். இன்ஜினையும் உடலையும் இணைக்கும் பின்னல் பட்டை அரித்திருக்கிறதா என்றும் பாருங்கள். சென்சாரின் மரையில் வெள்ளை டேப் சுற்றிப் பொருத்தியிருந்தால் அதுவும் எர்த்தைக் கெடுக்கும். குழாய் வேலைக்காரர்களின் பழக்கம் அது. ஒற்றை வயர் சென்சாருக்கு ஆகாது.

விளக்கு வயரை இணைத்தேன். இரவில் மானி மினுக்குகிறது.

உங்கள் கார் டாஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைக்கும் விதம்தான் காரணம். பழைய கார்கள் ஒரு மின்தடையால் வோல்ட்டைக் குறைத்தன. புதியவை நொடிக்குப் பல முறை அணைத்து எரித்துக் கண்ணை ஏமாற்றுகின்றன. மானி அதை உண்மையான அணைப்பாக எடுத்துக்கொள்கிறது. ஜப்பானியக் கார்கள் சிலவற்றில் குறைப்பானே எர்த் பக்கத்தில் இருக்கிறது. அங்கே எடுத்தால் மானி ஒழுங்காகவே நடக்காது. எளிய வழி, பார்க்கிங் விளக்கின் பியூஸிலிருந்து எடுப்பது. அங்கே குறைப்பான் இல்லை. மானியின் வெளிச்சத்தை மானியிலேயே குறைத்துக்கொள்ளலாம்.

வயர்களை எப்படி இணைப்பது? ஈயம் பற்றவைப்பதா, முறுக்கி டேப் ஒட்டுவதா?

முறுக்கி டேப் ஒட்டுவது இணைப்பே அல்ல. பிப்ரவரி வெயிலில் நிறுத்திய காருக்குள் டேப்பின் பசை உருகி வழிந்து, அடுத்த மாதம் வெறும் செம்பு தெரியும். வயரைக் கடித்துப் பிடிக்கும் நீலப் பிளாஸ்டிக் பூட்டையும் நான் சிபாரிசு செய்வதில்லை. அது செம்பு இழைகளில் சிலவற்றை அறுத்துவிடும். அந்தக் காயத்தின் வழியாக ஈரம் உள்ளே போகும்.

சரியான அளவு முனையை அதற்குரிய இடுக்கியால் நசுக்கி, உட்புறம் பசையுள்ள சுருங்குகுழாயைப் போட்டுச் சூடு காட்டுங்கள். ஈயமும் தவறில்லை, ஆனால் ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்துப்போகும், அதிர்வில் அந்த விளிம்பில்தான் முறியும். இரண்டு பக்கமும் கட்டி நிறுத்தினால் நீடிக்கும். கடலோரத்தில் ஓடும் காருக்குத் தகரப்பூச்சுள்ள செம்பு வயர் கிடைத்தால் வாங்குங்கள்.

தடிமனைப் பற்றிக் கவலை வேண்டாம். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மூன்று மீட்டர் நீளத்தில், 0.2 ஆம்பியருக்கு, இழப்பது 0.02 வோல்ட்தான். ஆனாலும் 0.75 போடுங்கள்; இழுத்தால் அறாது. இன்ஜின் பக்கம் போகும்போது ரப்பர் வளையம் இல்லாத துளையில் வயரை நுழைக்காதீர்கள்.

மூன்று மானிகள் வைக்கப் போகிறேன். மூன்று பியூஸ் டேப் வேண்டுமா?

ஒன்று போதும். இக்னிஷன் மின்சாரத்தை ஒரு ரிலேவின் (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) 86ஆம் முனைக்குக் கொடுத்து 85ஐ எர்த் செய்யுங்கள். பேட்டரியிலிருந்து பியூஸ் போட்டு வரும் வயரை 30இல் கட்டி, 87இலிருந்து மூன்று மானிகளுக்கும் பிரியுங்கள். காரின் பழைய வயர் ரிலேவின் சுருளை மட்டும் சுமக்கும்; அது ஏறத்தாழ 0.15 ஆம்பியர். எல்லா எர்த்துகளையும் ஒரே போல்ட்டில் சேருங்கள்.

காற்று-எரிபொருள் மானிக்கும் இதே முறைதானா?

இல்லை. அதன் சென்சாருக்குள் ஒரு சூடேற்றி இருக்கிறது. தொடக்கத்தில் அது சில ஆம்பியர்களை இழுக்கும். நிறுவனம் சொல்லும் பியூஸோடு தனி வழி கொடுங்கள். இன்ஜினை ஓட்டாமல் இக்னிஷனை மட்டும் போட்டுவைத்துப் பாட்டுக் கேட்காதீர்கள். புகைக்குழாயில் தேங்கிய நீர்த்துளி சூடான பீங்கானில் பட்டால் அது வெடித்துவிடும். மறுபக்கம், மின்சாரம் கொடுக்காமல் சென்சாரைக் குழாயில் விட்டு ஓட்டினாலும் கரி படிந்து கெடும். மானியைக் கழற்றினால் சென்சாரையும் கழற்றுங்கள்.

டர்பனில் சரியாக இருந்த பூஸ்ட் மானி (டர்போ தரும் காற்றழுத்தத்தைக் காட்டுவது) ஜொஹானஸ்பர்கில் இன்ஜின் அணைத்திருக்கும்போதே பூஜ்யத்துக்குக் கீழே காட்டுகிறது. மின்சாரக் கோளாறா?

வயரைத் தொடாதீர்கள், அது காற்றின் வேலை. ஜொஹானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் 0.83 பார் அளவில்தான், டர்பனில் 1.01. கடல் மட்டத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்ட மின்னணு மானி அங்கே சுமார் 0.18 பார் குறைவாகக் காட்டும். குழாய் மட்டும் உள்ள இயந்திர மானி சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிடுவதால் பூஜ்யத்திலேயே நிற்கும். இறங்கி வீட்டுக்கு வாருங்கள்; முள்ளும் திரும்பிவிடும்.

ஊருக்குப் போய் வந்தால் பேட்டரி செத்திருக்கிறது. மானிதான் காரணமா?

நிலையான வயர் இழுப்பது சில மில்லி ஆம்பியர். அது பேட்டரியைக் கொல்லாது. ஆனால் இக்னிஷன் வயரையும் சோம்பலில் நிலையான மின்சாரத்தில் கட்டியிருந்தால் கதை வேறு. 0.15 ஆம்பியர் நாள் முழுவதும் ஓடினால் 3.6 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி ஆறே நாளில் போய்விடும். ஆறு வாரம் தமிழ்நாட்டுக் கோவில்களைச் சுற்றிவிட்டு வருகிறவருக்கு வீட்டில் கார் காத்திருக்காது.

பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றி, கம்பத்துக்கும் வயருக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து அளக்கலாம். கார் முழுவதும் உறங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தால் போதும். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் மீட்டரைப் பொசுக்கிவிடும்.

ஓபிடி துளையில், அதாவது கார்க் கணினியைச் சோதிக்கும் கருவியைச் செருகும் இடத்தில், செருகும் மானிகளும் இதே வகை. அந்தத் துளையின் 16ஆம் முனை எப்போதும் பேட்டரியோடு இருக்கும். வோல்ட் இறங்கியதும் தானே உறங்கும் மானி இல்லையென்றால் நீண்ட பயணத்துக்கு முன் பிடுங்கி வையுங்கள்.

கண்ணாடி ஓரத் தூணில் கிண்ணம் வைத்துப் பொருத்தலாமா?

தூணின் உறையில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் கூடாது. திரை ஏர்பேக் விரியும் பாதையில் உள்ள எந்தப் பொருளும் முகத்தை நோக்கிப் பறக்கும். அது இல்லாத பழைய கோல்ஃபிலும் டொயோட்டா டாஸிலும் தாராளமாக வைக்கலாம்.

எல்லாம் இணைத்தாயிற்று. முதன்முதலாக எப்படிச் சோதிப்பது?

வேலை நடக்கும்போது பேட்டரியின் நெகடிவ் கழன்றிருந்திருக்க வேண்டும். ரேடியோவுக்கு ரகசிய எண் உண்டென்றால் முன்பே எழுதி வைத்திருப்பீர்கள். மானியின் பியூஸ் இல்லாமலேயே நெகடிவை மாட்டுங்கள். பிறகு மானியின் பிளக்கில் மீட்டரை வைத்து ஒவ்வொரு முனையாகப் பாருங்கள்: பியூஸ் இடத்தில் 1 ஆம்பியர் பியூஸைப் போட்டதும் நிலையான முனையில் 12, சாவி திருப்பியதும் இக்னிஷன் முனையில் 12, விளக்குப் போட்டதும் நான்காவதில் 12. மூன்றும் சரியென்றால் மட்டும் மானியைச் செருகுங்கள். 1 ஆம்பியர் பியூஸ் தாங்கினால் பிறகு உரிய அளவுக்கு மாற்றலாம். காற்று-எரிபொருள் மானிக்கு மட்டும் முதலிலிருந்தே உரிய பியூஸ்.

இன்ஜின் ஓடும்போது ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, மூன்று பெடல்களையும் மிதித்து, எந்த வயரும் சிக்கவில்லை என்று பாருங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வித்தையை யாராவது காட்ட வந்தால் அனுமதிக்காதீர்கள். அந்த நொடியில் எழும் வோல்ட் பாய்ச்சல் மானியோடு கணினியையும் கொண்டுபோகலாம். ஒரு வாரம் ஓட்டிய பிறகு எர்த் போல்ட்டை இன்னொரு முறை இறுக்குங்கள்.